வீடு கொடுத்தாகிவிட்டதே, இன்னும் என்ன குறை? சென்னை மறுகுடியமர்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். சென்னையின் ஆற்றங்கரைகளிலும் கால்வாய் ஓரங்களிலும் இருந்து அப்புறப்படுத்தப்பட்ட குடும்பங்கள் வாழும் மூன்று பெரிய குடியிருப்புகள் இவை. சில ஆண்டுகளாகப் பெரும்பாக்கத்தில் பிள்ளைகளுக்கு மாலை நேரப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். அதைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் உறவினர்களும் நண்பர்களும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றே. அவற்றுக்கு எனக்குத் தெரிந்த வரையில் இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

எல்லோருக்கும் ஒரே மாதிரி வீடு கொடுக்கிறார்கள். அதுதானே சமத்துவம்? சமநீதி என்று தனியாக எதைக் கேட்கிறீர்கள்?

பெரும்பாக்கத்தில் எட்டு மாடிக் கட்டடங்கள் இருக்கின்றன. யாருக்கு எந்தத் தளம் என்பதைக் குலுக்கல் முடிவு செய்கிறது. இருபத்தைந்து வயது இளைஞனுக்குத் தரைத்தளம் விழலாம். முழங்கால் தேய்ந்த பாட்டிக்கு ஏழாவது மாடி விழலாம். ஒதுக்கீட்டு ஆணையில் இரண்டு வீடுகளும் ஒன்றுதான். சதுர அடியும் ஒன்று, சுவரும் ஒன்று. லிஃப்ட் பழுதாகும் நாளில்தான் வேறுபாடு தெரியும்.

நான் பாடம் நடத்தும் பிளாக்கில் அப்படி ஒரு பாட்டி இருக்கிறார். லிஃப்ட் நின்றுவிட்டால் பால்கனிக் கம்பியில் நைலான் கயிற்றைக் கட்டி ஒரு பிளாஸ்டிக் கூடையைக் கீழே இறக்குவார். கூடைக்குள் இருபது ரூபாய் நோட்டு, அது பறக்காமல் இருக்க மேலே ஒரு சிறு கல். கீழே நிற்கும் கீரைக்காரம்மா நோட்டை எடுத்துக்கொண்டு ஒரு கட்டு அரைக்கீரையையும் மீதிச் சில்லறையையும் வைத்துக் கயிற்றை இரண்டு முறை ஆட்டுவார். மாத்திரைக்கும் அதே கூடைதான். அவரே இறங்க வேண்டிய நாளில், அதாவது மருத்துவமனைக்குப் போக வேண்டிய நாளில், கூடை உதவாது. அவரவர் நிலைமையைப் பார்த்து, யாருக்கு எது கூடுதலாகத் தேவையோ அதைச் சேர்த்துத் தருவதைத்தான் சமநீதி என்கிறேன்.

இந்தக் குடியிருப்புகள் எப்படி வந்தன?

1970இல் குடிசை மாற்று வாரியம் அமைந்தது. 1971இல் அதற்கான சட்டம் வந்தது. "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்" என்ற அண்ணாவின் வாசகத்தையே வாரியம் முழக்கமாக வைத்துக்கொண்டது. தொடக்க ஆண்டுகளில் குடிசைகள் இருந்த இடத்திலேயே அடுக்குக் குடியிருப்புகள் எழுந்தன. மெரினாவை ஒட்டிய பகுதிகளிலும் மயிலாப்பூரிலும் சிந்தாதிரிப்பேட்டையிலும் இன்றும் நாம் பார்க்கும் பழைய வாரியக் கட்டடங்கள் அந்த எண்ணத்தில் பிறந்தவை. 1977க்குப் பிறகு உலக வங்கிக் கடனுதவியுடன் அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் பகுதிகளில் மனைகள் பிரித்துக் கொடுக்கப்பட்டன.

2000ஆம் ஆண்டையொட்டி வழி மாறியது. ஊருக்கு வெளியே தெற்கே மொத்தமாகக் கட்டி, அங்கே மக்களைக் கொண்டுபோய் இறக்கும் முறை வந்தது. முதலில் ஒக்கியம் துரைப்பாக்கத்தில் கண்ணகி நகர், பின்பு செம்மஞ்சேரி, அதன்பின் பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகள். அங்கே முதலில் கட்டியவை இருநூறு சதுர அடிக்கும் குறைவானவை. 2021இல் வாரியம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறியது. மக்கள் வாயில் இன்னும் "போர்டு வீடு"தான்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1971 சட்டத்தின்படி குடிசைப் பகுதி என்று அரசு அறிவித்தால்தான் அங்குள்ளவர்களுக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கும். சென்னையில் 1971இல் 1,202 பகுதிகளும் 1985இல் மேலும் 17 பகுதிகளும் அறிவிக்கப்பட்டன. அதன்பின் பல பத்தாண்டுகள் புதிய அறிவிப்பே இல்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை மாநகரில் சுமார் 13 லட்சம் பேர், அதாவது நான்கில் ஒருவருக்கு மேல், குடிசைப் பகுதிகளில் வாழ்ந்தார்கள். அவர்களில் பலர் இருந்த இடம் எந்தப் பட்டியலிலும் இல்லை. பட்டியலில் இல்லாதவர்களை "ஆக்கிரமிப்பாளர்" என்று எழுதுவது எளிது.

ஆற்றங்கரை ஆபத்தானது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றத்தானே இடம் மாற்றினார்கள்?

2015 டிசம்பரில் அடையாற்றில் வந்த வெள்ளத்தை நேரில் பார்த்த எவரும் கரையோரம் பாதுகாப்பான இடம் என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. ஆனால் கரையிலிருந்து எடுத்து எங்கே கொண்டுபோய் வைத்தோம் என்று பார்க்க வேண்டும்.

பள்ளிக்கரணை சதுப்பு நிலம் ஒரு காலத்தில் ஐந்தாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரந்து கிடந்தது. தென்சென்னையின் பல ஏரிகளில் நிரம்பி வழியும் நீர் அங்கே தேங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய்க்குப் போய், கோவளத்தில் கடலில் சேரும். 2022இல் இந்தச் சதுப்பு நிலம், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றபோது கணக்கில் வந்தது 1,247 ஹெக்டேர்தான். மீதி நிலத்தில் சாலை, குப்பைக்கிடங்கு, கல்லூரிகள், தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் கட்டடங்கள். கண்ணகி நகர், பெரும்பாக்கம், செம்மஞ்சேரி மூன்றும் இந்த நீர்வழியைச் சுற்றித்தான் இருக்கின்றன.

2015 மழையில் செம்மஞ்சேரி குடியிருப்பு நீரில் நின்றது. அதே வெள்ளத்தைக் காரணம் காட்டி அடையாற்றுக் கரைக் குடும்பங்கள், பள்ளி ஆண்டின் நடுவே, பெரும்பாக்கத்துக்கு மாற்றப்பட்டன. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கரணையையும் பெரும்பாக்கத்தையும் சூழ்ந்த நீர் வடியப் பல நாட்களாயின. மேல் மாடியில் இருந்தால் உயிருக்கு ஆபத்து குறைவு, அது உண்மை. ஆனால் மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது, மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீர் ஏறாது, லிஃப்டும் நின்றுவிடும். கைக்குழந்தையோடு ஆறாவது மாடியில் இருக்கும் பெண்ணுக்கு அதுவும் வெள்ளம்தான்.

நீர்நிலை ஆக்கிரமிப்பு என்ற சொல் குடிசைக்கு மட்டுமே பொருந்துவதுபோல் நாம் நடந்துகொள்கிறோம். அதே சதுப்பில் எழுந்த கண்ணாடிக் கட்டடங்களை யாரும் ஒரே இரவில் லாரியில் ஏற்றி அனுப்பவில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு.

உடல்நலம் இதில் எங்கே வருகிறது? அது சுகாதாரத் துறை வேலை அல்லவா?

கோப்புகளில் வீட்டுவசதி ஒரு துறை, மக்கள் நல்வாழ்வு இன்னொரு துறை, போக்குவரத்து மற்றொன்று. மூச்சு இரைக்கும் மனிதன் ஒருவன்தான்.

மும்பையில் இதைத் தெளிவாகப் பார்த்தார்கள். குடிசைவாசிகளை மாற்றிய லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரேக் காம்பவுண்ட், பி.எம்.ஜி. காலனி ஆகிய மூன்று குடியிருப்புகளை ஆய்வு செய்து 2018இல் வெளியிட்டார்கள். கட்டடங்கள் ஒன்றையொன்று நெருக்கி நின்று வெளிச்சமும் காற்றும் எட்டாத இரண்டு காம்பவுண்டுகளில் காசநோய் அதிகம்; இடைவெளி விட்டுக் கட்டிய காலனியில் குறைவு. நோயை உண்டாக்குவது கிருமிதான் என்றாலும், அது பரவ வழி செய்தது கட்டடத்தின் வரைபடம்.

நம் ஊரில் நான் பார்ப்பது வேறு வகை. சர்க்கரை நோய்க்கும் ரத்தக் கொதிப்புக்கும் ஊருக்குள் இருக்கும் இராயப்பேட்டை, ஓமந்தூரார் அரசு மருத்துவமனைகளில் பல ஆண்டுகளாக மாத்திரை வாங்கியவர்கள் இங்கே வந்ததும் நடுவில் விட்டுவிடுகிறார்கள். "ஒரு நாள் கூலி போகும் ஐயா, அடுத்த வாரம் போகிறேன்" என்பார்கள். அடுத்த வாரம் ஆறு மாதமாகும். டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு வாரத்தில் இரண்டு மூன்று நாள் பயணம். அதில் விட்டுவிடும் வசதியும் கிடையாது.

2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" இந்த இடைவெளியைப் புரிந்துகொண்ட திட்டம். தன்னார்வலர் வீட்டுக்கே வந்து ரத்த அழுத்தம் பார்க்கிறார், மாத்திரை தருகிறார். நோயாளி மருத்துவமனையைத் தேடி வரட்டும் என்று காத்திராமல் மருத்துவம் படியேறி வருவது பெரிய மாற்றம், மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் இடம் மாறும் குடும்பத்தின் பெயர் பழைய வட்டாரப் பதிவேட்டிலிருந்து புதிய வட்டாரத்துக்கு அதே வாரத்தில் மாற வேண்டும். வீட்டை மாற்றும் அலுவலகமும் மாத்திரை தரும் அலுவலகமும் பேசிக்கொண்டால் ஒரு நாளில் முடியும் வேலை இது.

வெயில் எல்லோர் தலையிலும்தானே அடிக்கிறது?

அடிக்கிறது. ஆனால் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இல்லை. தகரக் கூரைக்குக் கீழும், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள கான்கிரீட் வீட்டிலும் பகலில் ஏறிய சூடு நள்ளிரவிலும் இறங்காது. தூக்கம் கெட்டு, மறுநாள் சித்தாள் வேலைக்கோ மீன் விற்கவோ அதே வெயிலுக்குள் போக வேண்டும். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிப் பெண்களைக் கவனித்து வந்தார்கள். கடும் வெப்பத்தில் வேலை செய்தவர்களுக்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறப்பதும் நேரும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு என்று கண்டார்கள்.

2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. நல்லது. இறப்பதற்கு முன்னால் என்ன செய்வது என்பதற்கு அகமதாபாத் ஒரு வழி காட்டியது. 2010 மே மாத வெயிலில் அந்த நகரில் வழக்கத்தைவிட 1,300க்கும் அதிகமானோர் இறந்தார்கள். 2013இல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தார்கள். முன்னறிவிப்பு, மருத்துவமனைத் தயாரிப்பு, பின்னாளில் ஏழைகள் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு. கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பது நம் பாட்டன் காலத்து வழக்கம். போர்டு வீடுகளின் மொட்டை மாடிகளில் மார்ச் மாதத்துக்கு முன்பே அதைச் செய்ய எந்தத் தடையும் இல்லை.

இலவசமாக வீடு வாங்கிக்கொண்டு குறை சொல்வது நியாயமா?

முழுக்க இலவசம் அல்ல. திட்டத்தைப் பொறுத்துப் பயனாளி பங்களிப்புத் தொகை உண்டு, மாதாமாதம் பராமரிப்புக் கட்டணமும் உண்டு. அதற்கும் மேலாக, முப்பது நாற்பது ஆண்டுகள் ஆற்றங்கரையில் வாழ்ந்து, நகரத்தின் சாக்கடையையும் சமையலறையையும் சுத்தம் செய்தவர்கள் தாங்கள் சம்பாதித்த முகவரியைக் கொடுத்துத்தான் இந்த வீட்டை வாங்குகிறார்கள். 1985இல் மும்பை நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், வாழ்வாதாரமும் வாழும் உரிமைக்குள் அடங்கும் என்று சொன்னது. நோட்டீஸ் கொடுத்து, உரிய நடைமுறைப்படி அகற்றலாம் என்றும் அதே தீர்ப்பு சொன்னது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

பஸ் இருக்கிறது, பெண்களுக்குக் கட்டணமும் இல்லை. அப்புறம் தூரம் என்ன பெரிய குறை?

என் மாணவி ஒருத்தியின் அம்மா மந்தைவெளியில் மூன்று வீடுகளில் வேலை செய்கிறார். முன்பு ஆற்றோரக் குடிசையிலிருந்து கால்மணி நேர நடை. முதல் வீட்டை ஆறரைக்கு முடித்து, திரும்பி வந்து பிள்ளைக்கு ஜடை பின்னி அனுப்பிவிட்டு, இரண்டாவது வீட்டுக்குப் போவார். இப்போது நாலரைக்கு எழுந்து, இருட்டில் பஸ் நிறுத்தத்துக்கு வருகிறார். சாதாரணக் கட்டணப் பஸ் வந்தால்தான் கட்டணமில்லை. அது தவறினால் விரைவுப் பஸ்ஸுக்குக் காசு கொடுக்க வேண்டும், இல்லை நின்றுகொண்டே இருக்க வேண்டும். மூன்று வீடுகளில் ஒன்றை விட்டுவிட்டார், நேரம் போதவில்லை. மாலை வகுப்பில் அந்தப் பெண் குழந்தை அவிழ்ந்த ஜடையோடு வரும்போது, காலையில் அவளே பின்னிக்கொண்டாள் என்று எனக்குத் தெரியும்.

2021இல் வந்த கட்டணமில்லாப் பயணமும், 2023 முதல் வரும் மகளிர் உரிமைத் தொகை ஆயிரம் ரூபாயும், பள்ளிக் காலை உணவும் இந்தக் குடும்பத்தைத் தாங்கிப் பிடிக்கின்றன. அவை இல்லாவிட்டால் நிலைமை இன்னும் மோசம். ஆனால் ஒரு துறை கொடுத்ததை இன்னொரு துறையின் தூரம் எடுத்துக்கொள்கிறது. விட்டுப்போன அந்த ஒரு வீட்டின் சம்பளம் உரிமைத் தொகையைவிட அதிகம்.

சாதிக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உண்டு. இந்தக் குடியிருப்புகளில் வாழ்வோரில் தலித் மக்களே பெரும்பான்மை. ஊரும் சேரியும் தனித்தனியாக இருந்த பழைய வரைபடத்தை, மாடிக் கட்டடங்களைக் கொண்டு நாம் புதிதாக வரைந்திருக்கிறோம். முகவரியைக் கேட்டதும் வேலை இல்லை என்கிறார்கள், கடன் இல்லை என்கிறார்கள் என்று பட்டதாரிப் பிள்ளைகளே என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியில் கண்ணகி நகர் கார்த்திகா இருந்தார். ஊர்ப் பெயரைச் சேர்த்தே அவரை அழைத்தார்கள். அந்த வாரம் என் வகுப்பில் யாரும் முகவரியைத் தாழ்ந்த குரலில் சொல்லவில்லை.

ஊருக்குள் நிலம் எங்கே இருக்கிறது?

வாரியத்தின் பழைய குடியிருப்புகளே ஊருக்குள் இருக்கின்றன, பலவும் இடித்துக் கட்டும் நிலையில். 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் ஒரு பிளாக் இடிந்து 24 வீடுகள் தரைமட்டமாயின. விரிசலைப் பார்த்து முன்பே வெளியேறியதால் உயிர்கள் தப்பின. அத்தகைய இடங்களை மறுபடி கட்டும்போது அங்கிருப்பவர்களோடு அருகில் உள்ள கரையோரக் குடும்பங்களுக்கும் சேர்த்து இடம் காணலாம். பெரிய மனைப்பிரிவுகளில் பத்து சதவீதம் நலிந்த பிரிவினருக்கு ஒதுக்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. கட்டடம் தரமாக இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, புளியந்தோப்பு கே.பி. பூங்கா வாரியக் குடியிருப்பில் புது வீட்டுச் சுவர் தொட்டால் உதிர்ந்ததை 2021இல் எல்லோரும் பார்த்தோம்.

2022 மே மாதம் ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகளை இடித்தபோது முதியவர் ஒருவர் தீக்குளித்து இறந்தார். அதன்பின்தான் அருகிலேயே மாற்று வீடு என்ற பேச்சு சட்டமன்றத்தில் எழுந்தது.

வேறு எங்காவது இதை வேறு மாதிரி செய்திருக்கிறார்களா?

ஒடிசா 2017இல் சட்டம் இயற்றி, குடிசைவாசிகளுக்கு அவர்கள் இருந்த இடத்திலேயே நில உரிமை கொடுக்கத் தொடங்கியது. அந்த நிலத்தை விற்க முடியாது, வாரிசுக்குப் போகும். தாய்லாந்தில் 2003இல் தொடங்கிய பான் மங்கோங் திட்டத்தில் மக்களே சேமிப்புக் குழு அமைத்து, நில உடைமையாளரோடு பேசி, வரைபடத்திலும் கையெழுத்திடுகிறார்கள். நம்மிடம் 1970களிலேயே இருந்த இடத்தில் கட்டிய அனுபவம் உண்டு.

எங்கள் பகுதிக்கு அப்புறப்படுத்தப் போவதாகச் செய்தி வந்திருக்கிறது. உடனே என்ன செய்ய வேண்டும்?

முதலில், வாய்மொழியாகச் சொன்னதை நோட்டீஸ் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுத்தில் கேளுங்கள். கணக்கெடுக்க வந்தால் வீட்டில் உள்ள ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியாகப் பதிவாகிறதா என்று பாருங்கள். மணமான மகன் தனி ரேஷன் அட்டை வைத்திருந்தால் அதைக் காட்டுங்கள். கணக்கெடுப்பில் தரும் டோக்கன் எண்ணை எழுதி வையுங்கள். பட்டியலில் உங்கள் பெயர் இருக்கிறதா, எந்த இடத்துக்கு மாற்றப் போகிறார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தில் கேட்கலாம். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்று தயங்க வேண்டாம்: மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமலேயே இலவசச் சட்ட உதவி உண்டு.

மாறுவது உறுதியாகிவிட்டால் பள்ளி ஆண்டு முடியும் வரை அவகாசம் கேட்டு எல்லோரும் சேர்ந்து மனு கொடுங்கள். மூட்டை கட்டும்போது ரேஷன் அட்டை, ஆதார், பிள்ளைகளின் மாற்றுச் சான்றிதழ், முதியோர் ஓய்வூதிய ஆணை, மருத்துவமனைச் சீட்டு இவற்றைப் பாத்திரங்களோடு போடாமல், தனி பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையிலேயே வைத்திருங்கள். வீட்டில் நடக்க முடியாதவர் இருந்தால் மருத்துவச் சான்றிதழின் நகலை இணைத்து, தரைத்தளம் வேண்டும் என்று குலுக்கலுக்கு முன்பே எழுதிக் கொடுங்கள். மனுவைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீதோ முத்திரையோ வாங்காமல் அலுவலகத்தை விட்டு வராதீர்கள்.